ராணியின் இடது காது

மகன் புது வீட்டுக்குக் குடிபோய்ச் சில வாரங்கள் கழித்துத்தான் மேடத்துக்கு அங்கே போக நேரம் வாய்த்தது. கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மகன் இல்லை, கையில்லாத தேவதை. செருப்பு அலமாரியின் மேல், இப்போதுதான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியதைப்போல் வெள்ளை வெளேரென்று நின்றிருந்தாள். எத்தனையோ பேர் கடல் கடந்து போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரும் அந்தப் பளிங்குப் பெண்ணின் தோளில் யாரோ ஒரு குடையை மாட்டியிருந்தார்கள்.

"உள்ள வாம்மா. ஏன் வாசல்லயே நின்னுட்ட?" என்றான் மகன்.

"செருப்பை எங்க விடறதுன்னு பார்த்தேன். இந்த அம்மா காலடியிலயா?"

அவன் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை.

கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். சோபாவில் கிடந்த திண்டுகள் எல்லாவற்றிலும் உலகமே கொண்டாடும் அந்த மென்சிரிப்புக்காரி அச்சாகியிருந்தாள். ஒருத்தியின் முகத்தில் காபிக் கறை. முகவாயில் கையை முட்டுக்கொடுத்து யோசிக்கிற வெண்கல மனிதன் இரண்டு பேராகி, புத்தக வரிசையின் இரு முனைகளிலும் உட்கார்ந்திருந்தான். நடுவில் இருந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே நீல நிறம். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பிரித்த அடையாளம் இல்லை. யோசிக்க இரண்டு பேர், படிக்க ஆளில்லை என்று மேடம் நினைத்துக்கொண்டார். கை கழுவப் போனால் குளியல் திரை முழுக்க அந்தப் பிரசித்தி பெற்ற நீலப் பேரலை. அலை அடிக்கிற இடத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. கையைத் துடைக்கக் காகிதம் வேண்டுமென்றால், பிரமிடு காலத்துப் பூனைத் தெய்வத்தின் வாயிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும்.

மேடம் என்பது அவர் பெயரல்ல. அருங்காட்சியகத்தில் பழுதுபார்ப்புப் பிரிவுக்குத் தலைவியாக இருந்த காலத்தில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டு, அது வீடுவரை வந்து, அக்கம்பக்கத்தில் பரவி, கடைசியில் செத்துப்போன கணவர்கூட "மேடம் காபி போட்டாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயரும் இருந்தது: தொடாதே மேடம். மண்ணுக்கடியிலிருந்து உடைந்து வரும் சாமான்களை ஒட்டுவது அவருடைய வேலை. ஒட்டி முடித்த பிறகு அவற்றை எவனும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய குணம்.

இந்த வீட்டை இப்படி அலங்கரித்தது யார் என்று அவர் கேட்கத் தேவை இருக்கவில்லை. மருமகளின் அம்மா, அதாவது அவருடைய சம்பந்தியம்மா, ஊரின் பெரிய சாலையில் வீட்டு அலங்காரப் பொருள் ஷோரூம் வைத்திருந்தார். உலகத்தில் எந்தச் சிலைக்குப் பெயர் இருக்கிறதோ அதெல்லாம் அங்கே அலமாரிக்கு அடங்கும் உயரத்தில் கிடைக்கும். பின்னாலிருந்த கிடங்கில் ரப்பர் அச்சில் ரெசின் என்கிற பிசினை ஊற்றி, இட்ட சாயம் காய்வதற்குள் பெட்டியில் அடைப்பார்கள். மேடம் தன் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஷோரூம்காரி.

"அத்தை, வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று மருமகள் கையைப் பிடித்து அவரைப் படுக்கையறைக்கு அழைத்துப் போனாள். "உங்களை நெனச்சே அம்மா கொடுத்தது."

அலங்கார மேஜையில், கண்ணாடிக்கு முன்னால், நெடுங்கழுத்து ராணி இருந்தாள்.

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த ராணியை அவர் தொட்டதுபோல் உலகத்தில் வேறு யாரும் தொட்டதில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், ஆற்றங்கரையில் தோண்டிய குழியிலிருந்து ஒரு மரப்பெட்டி நிறைய ஓடுகளாக வந்தாள். இது பானையா முகமா என்றே அப்போது யாருக்கும் தெரியாது. மேடம்தான் ஒவ்வொரு ஓட்டையும் கழுவி, உலர்த்தி, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்த்து, மாசக்கணக்கில் குனிந்து கழுத்து வலி வாங்கி, ஒரு பெண்ணின் தலையை வெளியே கொண்டுவந்தார். பதிவேட்டில் 'பெண் தலை, சுடுமண்' என்றுதான் எழுதினார். அவள் ராணியா, குயவனின் கொழுந்தியாளா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பத்திரிகைக்காரர்கள்தான் ராணியாக்கினார்கள். இடது காது கிடைக்கவில்லை. குழியை இன்னொரு முறை சலித்தும் கிடைக்கவில்லை. அப்போதிருந்த இயக்குநர், "வலது காதைப் பார்த்து ஒண்ணு செஞ்சு ஒட்டிடுங்களேன், மொட்டையா இருக்கு" என்றார். மேடம் மறுத்துவிட்டார். கிடைக்காததைக் கிடைத்ததுபோல் காட்ட மாட்டேன் என்று சொல்லி, அதற்காகப் பதவி உயர்வைக்கூட ஒரு வருஷம் இழந்தார். காது இருந்த இடத்தில் உடைந்த விளிம்பு அப்படியே இருந்தது. அந்த வெறும் இடம்தான் தன் வாழ்நாளில் செய்த நல்ல வேலை என்று அவர் நினைத்திருந்தார்.

இப்போது மருமகளின் மேஜையில் இருந்த ராணிக்கு இரண்டு காதுகள் இருந்தன. இரண்டிலும் ஓட்டை. இரண்டிலும் மருமகளின் ஜிமிக்கி தொங்கியது. நெடுங்கழுத்தில் பாசிமாலைகள்.

"நகை மாட்டறதுக்கு ரொம்ப வசதி அத்தை" என்றாள் மருமகள். கெட்ட எண்ணமே இல்லாத பெண். அதுதான் மேடத்துக்கு எரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

அன்று மாலை சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். தேநீரை உறிஞ்சியபடி, "ராணியைப் பார்த்தீங்களா சம்பந்தி?" என்று ஆவலோடு கேட்டார்.

"பார்த்தேன். அவளுக்கு ஏது ரெண்டு காது?"

"ஓ, அதுவா! ஒத்தைக் காதோட யாரு வாங்குவா? உடைஞ்ச சாமானைக் கொடுத்துட்டான்னு மறுநாளே திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. நம்ம அச்சுக்காரர்தான் இன்னொண்ணு வெச்சுக் கொடுத்தார். எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க!"

"வாசல்ல நிக்கிறவளுக்கு மட்டும் ஏன் கை வெக்கலை?"

"அவளுக்குக் கையில்லைங்கிறது எல்லாருக்கும் தெரியுமே. கை வெச்சா போலின்னுடுவாங்க."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ நம்ம பொம்பளையைப் பத்தி யாருக்கும் தெரியாதுங்கிற தைரியத்துல காது குத்தறீங்க."

சம்பந்தியம்மா அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அவரிடம் எந்த ஊசியும் இறங்காது. சிரித்து முடித்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. உங்க ராணியைக் கண்ணாடிக்குள்ள பூட்டி, விளக்கையும் மங்கலாக்கி வெச்சிருக்கீங்க. நானே ஒரு தடவை வந்தேன். அவ மூஞ்சி தெரியலை, கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரிஞ்சது. என் கடைக்கு வந்தா கையில எடுத்துப் பார்க்கலாம், பிடிச்சா வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாம். யாரு அவளுக்கு நல்லது செஞ்சது?"

மேடம் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பதில் சொல்லத் தகுதியான ஆளிடம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அத்தோடு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார். ஆனால் மழை விடவில்லை. அவருடைய பழைய வீட்டில் மேல் தளத்து மழைநீர்க் குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து, ஒருநாள் காலை படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, அவர் சமையலறையில் இருந்தார். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, முழுசாகக் கொத்திப் பூச வேண்டும், மாசம் ஒன்றாவது ஆகும் என்றார். மகன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மேடம் பின்னாலேயே போனார், தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி.

அந்த வீட்டில் அவருக்குக் கொடுத்த அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே, நட்சத்திரங்கள் சுழித்துச் சுழித்து எரிகிற இரவு ஓவியம் மாட்டியிருந்தது. ஓவியம்கூட இல்லை, கடிகாரம். அந்த மகா கலைஞன் பித்துப் பிடித்து வரைந்த வானத்தில் இரண்டு முட்கள் டிக் டிக்கென்று ஓடின. மேடம் முதல் வேலையாக மின்கலத்தைக் கழற்றிவிட்டார். மறுநாள் மருமகள், "ஐயோ, நின்னு போச்சே" என்று புதிதாக ஒன்று போட்டாள். மறுபடி கழற்றினார். மறுபடி போட்டாள். அந்தப் போரில் யாரும் ஜெயிக்கவில்லை.

காலையில் மகன் வேலைக்குக் கிளம்பும்போது அந்த யோசனைக்காரர்களில் ஒருவனின் தலையைத் தட்டிவிட்டுப் போவான். ராணியின் கன்னத்தை விரலால் சுண்டுவான். மேடம் பார்த்துக்கொண்டே இருப்பார். பாவம், மாமியார் வீட்டு மனசு நோகாமல் இருக்க எப்படியெல்லாம் நடிக்க வேண்டியிருக்கிறது பிள்ளைக்கு என்று நினைத்துக்கொள்வார். அவன் ரசனை இவ்வளவு தாழ்ந்திருக்க முடியாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் அருங்காட்சியகத்தில் வளர்ந்தவன் அல்லவா?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். அந்தக் காதை மட்டும் பொறுக்க முடியவில்லை. படுக்கையறைக் கதவு திறந்திருக்கும்போதெல்லாம் அது தெரிந்தது. அதைச் செய்தவன் வலது காதைப் பார்த்து அப்படியே செய்திருந்தாலாவது போகட்டும். இது எந்த மனிதக் காதும் இல்லை. வெந்துபோன ஒரு சேமியா உருண்டை. அதுவும் விரற்கடை மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போது ஞாபகம் வரும். பல் தேய்க்கும்போது ஞாபகம் வரும்.

ஒரு நண்பகல், மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேடம் தன் பெட்டியைத் திறந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் எங்கே போனாலும் கூடவே போகும் ஒரு துணிச்சுருள் இருந்தது. அதில் நகை வேலைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற மெல்லிய ரம்பம், சின்னச் சின்ன அரங்கள், தூரிகைகள், உப்புத்தாள். ராணியின் ஜிமிக்கிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து அவளைப் படுக்கவைத்தார். பிறகு காதும் காதும் வைத்த மாதிரி இடது காதை அறுக்க ஆரம்பித்தார்.

வெட்டு நேராக விழக்கூடாது. நிஜ ராணிக்கு உடைந்த விளிம்பு ஒரு பக்கம் ஏறி, நடுவில் பள்ளமாகி, பின்பக்கம் சிப்பிபோல் மடங்கும். அது அவருடைய விரல்களுக்கு மனப்பாடம். காது விழுந்ததும் அரத்தால் பள்ளம் பறித்தார். விளிம்பைச் சின்னச் சின்னதாகக் கொறித்தார். ஒரே ஒரு தடவை அரம் வழுக்கிக் கழுத்தில் மயிரிழை போல் ஒரு கீறல் விழுந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே ரெசின் வெள்ளையாகப் பல்லை இளித்தது. சுடுமண் நிறத்துக்கு எங்கே போவது? மருமகளின் அலங்காரப் பெட்டியில் மாநிற முகப்பவுடர் இருந்தது. அதை எண்ணெயில் குழைத்துப் பூசினார். கீறலின் மேலும் கொஞ்சம் தடவினார். பார்த்தால் தெரியாது.

முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். மூக்கு தப்புதான், உதடு தப்புதான், கழுத்து ஒட்டகக் கழுத்துதான். ஆனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் அவளாக இருந்தாள். வெட்டிய காதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மேடம் போய்ப் படுத்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதன்முதலாக நன்றாகத் தூங்கினார்.

மாலையில் மருமகளின் குரல் கேட்டு எழுந்தார். மகன் அறைவாசலில் நின்றிருந்தான். அவன் உள்ளங்கையில் அந்தச் சேமியா உருண்டை.

"இது என்னம்மா?"

"காது இல்லை. அது மட்டும் தெரியும்."

"விளையாடாத. நீயா அறுத்த?"

"அறுக்கலை. சரி பண்ணினேன்."

"அவளோட சாமானை, அவ வீட்டுல, அவளைக் கேக்காம எடுத்து அறுத்திருக்க!" அவன் குரல் எழும்பவில்லை. அதுதான் மேடத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. "உன் வேலை மேஜையில யாராவது ஒரு தூரிகையை நகர்த்தினாக்கூட ஊரைக் கூட்டுவ. இங்க வந்து ரம்பம் போடற."

"அது பொய்டா கண்ணா. அவளுக்கு அந்தக் காது கிடையாது. உனக்குத் தெரியாதா? சின்ன வயசுல உனக்குத்தானே முதல்ல காட்டினேன். உன் மாமியாருக்காக நீ பல்லைக் கடிச்சுட்டு இதோட குடித்தனம் பண்றது எனக்குப் புரியாமலா இருக்கு?"

மகன் உருண்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"நான் பல்லைக் கடிக்கலைம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

"எது?"

"எல்லாம்தான். அந்த அலை, அந்தப் பூனை, வாசல்ல நிக்கிற அம்மா, எல்லாம். அவ அம்மா என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொண்ணா வெச்சாங்க. நான்தான் தேர்ந்தெடுத்தேன்."

மேடம் அவனைப் பார்த்தார். கேலி செய்கிறானோ என்று பார்த்தார். இல்லை. அவருடைய மூக்கு, அவருடைய நெற்றி, அவன் அப்பாவின் முகவாய். அதற்குள் யாரோ ஒரு ஷோரூம் வாடிக்கையாளன்.

"ஒட்டின ஓட்டுச் சில்லைப் பார்த்தா உன் கண்ணு பளபளக்கும்" என்றான் அவன். "எங்களைப் பார்க்கிறப்போ ஒரு பார்வை இருக்கு உனக்கு. இப்பவும் அப்படித்தான் பார்க்கிற."

உண்மைதான், அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மருமகளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டு மகன் போனான். மேடம் மருமகளிடம் போய், "உன் பவுடரைக் கொஞ்சம் எடுத்துட்டேன்" என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை அத்தை, ஒரு பக்கம் ஜிமிக்கி மாட்டிக்கறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து சம்பந்தியம்மா வந்து இறங்கினார். மேடம் சண்டைக்குத் தயாராகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனியில் வரிசையாக வைத்திருந்தார். சம்பந்தியம்மா ராணியைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கட்டை விரலால் அந்த விளிம்பைத் தடவினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு தடவினார்.

"அடேயப்பா!" என்றார். "இது உடைச்ச மாதிரியே இல்லையே சம்பந்தி. தானா உடைஞ்ச மாதிரி இருக்கு!"

மேடத்துக்கு உள்ளே எங்கோ ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்தது. அதற்காகத் தன்னையே அந்த நொடியில் அருவருத்தார்.

"நீங்க இதைக் கையாலயா செஞ்சீங்க? எங்க அச்சுக்காரர் பார்த்தா வேலையை விட்டே போயிடுவார். ரெண்டு நாள் இதை நான் எடுத்துட்டுப் போறேன். அவர்கிட்ட காட்டிட்டுத் தரேன்."

"உங்க சாமான். எரிச்சாலும் சந்தோஷம்" என்றார் மேடம்.

கூரை பூசி முடிந்தது. மேடம் தன் வீட்டுக்குத் திரும்பினார். ஈரச் சுண்ணாம்பு வாடையில், வெறும் சுவர்களுக்கு நடுவில், நிம்மதியாக மூச்சுவிட்டார். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசினான். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

விஷயம் அவருக்கு அருங்காட்சியகத்திலிருந்துதான் வந்தது. முன்பு அவருக்குக் கீழே வேலை பார்த்து இப்போது அவர் நாற்காலியில் இருக்கும் பெண் கூப்பிட்டு, "மேடம், உங்க புது ராணி பிரமாதம்! நம்ம வாசல் கடையிலயும் வாங்கி வெச்சிருக்கோம்" என்றாள்.

"என்ன ராணி?"

"ஒத்தைக் காது ராணி, மேடம். நீங்களே வடிவமைச்சதுன்னு போட்டிருக்கே?"

மேடம் ஆட்டோ பிடித்து நேரே பெரிய சாலைக்குப் போனார். ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் படிப்படியாக அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ராணிகள். எல்லாருக்கும் இடது காது இல்லை. ஒவ்வொருத்தியின் கழுத்தடியிலும் ஓர் அட்டை: 'உண்மைப் பதிப்பு. அருங்காட்சியக நிபுணரின் கைவண்ணம்.' இரட்டைக் காது ராணிகள் மூலையில் பழைய விலைக்குக் கிடந்தார்கள். திறந்திருந்த கதவருகே ஒரு கணவனும் மனைவியும் ஒற்றைக் காதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுதாங்க நிஜம்" என்றாள் மனைவி, "உடைஞ்சிருக்கு பாருங்க."

இல்லாததை இல்லாததாகவே விட வேண்டும் என்று ஒரு வருஷப் பதவி உயர்வைத் தூக்கிப் போட்டவர், அந்த இல்லாமையே அச்சில் வார்த்து விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரு முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. உள்ளே போய் முதல் ராணியைத் தூக்கித் தரையில் அடிக்கலாம் என்று கையில் எடுத்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

கழுத்தில் கீறல். மயிரிழை போல, காது இருந்த இடத்துக்குக் கீழே. அச்செடுக்கும் முன் அவர் தடவிய பவுடரைக் கழுவியிருக்கிறார்கள். அடுத்ததை எடுத்தார். அதிலும். அதற்கடுத்ததிலும். கண்ணாடி அலமாரி முழுக்க, படிக்குப் படி, ஒவ்வொரு கழுத்திலும் அவர் கை வழுக்கிய அந்த ஒரு நொடி.

"வாங்க சம்பந்தி!" என்று வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார் சம்பந்தியம்மா. "சொல்லாம செஞ்சுட்டேன்னு கோவமா? ஆச்சரியமா சொல்லலாம்னு இருந்தேன்."

"இது என்ன?" என்று கீறலைக் காட்டினார் மேடம்.

"எது? ஓ, அதுவா. பழசு மாதிரி அழகா இருக்கே."

"பழசுல அது கிடையாது!" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து அவ வாங்காத கீறல் இது. இது என் தப்பு. என் தப்பை ஊர் பூரா விக்கறீங்க, அதுவும் என்னைச் சொல்லி!"

"யாருக்குத் தெரியப் போகுது சம்பந்தி?"

"எனக்குத் தெரியுது!"

சம்பந்தியம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்கும் ஓர் ஏளனம் உண்டு என்பதும், அது எத்தனையோ நாளாகத் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் அடியில் இருந்திருக்கிறது என்பதும் மேடத்துக்கு அப்போது தெரிந்தது.

"அப்போ வந்து சரிபண்ணிக் கொடுங்க" என்றார். "வாயால சொல்றது சுலபம். எங்களை எல்லாம் பார்த்து மூக்கைச் சுளிக்கறீங்களே, ஒரு நாள் எங்களோட உக்காந்து செஞ்சு காட்டுங்க. கிடங்கு பின்னாலதான் இருக்கு."

மேடம் அந்த ராணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

கிடங்கில் கண்ணெரிச்சல் தரும் ரெசின் வாடை. பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாகத் தலைகள் காய்ந்தன. அச்சுக்காரர் தடித்த ஆள், கைலியும் பனியனும், காதில் பென்சில். மேடத்தைக் கண்டதும் எழுந்து நின்றார். மேடம் கைப்பையிலிருந்த துணிச்சுருளை விரித்து, அச்செடுக்கும் மாதிரித் தலையைக் கேட்டு வாங்கி, கீறலைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தார். ஒரு மணி நேரத்து வேலை. முடித்துவிட்டு எழுந்தவர், ராணியின் மூக்கைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இப்படித் தப்பான மூக்கை வைத்துக்கொண்டு காதுக்கு மட்டும் அழுதால் எப்படி? மூக்கை முடிக்கும்போது கிடங்கில் விளக்குப் போட்டுவிட்டார்கள். உதடு பாக்கி இருந்தது. உதட்டுக்கு மறுநாள் வந்தார்.

அட்டையிலிருந்து 'நிபுணரின் கைவண்ணம்' என்பதை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். கூலி என்று சம்பந்தியம்மா ஓர் உறையை நீட்டியபோது, "உங்க காசை வாங்கற அளவுக்கு எனக்கு இன்னும் கஷ்டம் வரலை" என்றார். தேநீர் கொண்டுவந்தால் தொட மாட்டார். வீட்டிலிருந்து குடுவையில் கொண்டுவருவார். ஷோரூம் வழியாக வராமல் பின்சந்து வழியாகக் கிடங்குக்குள் நுழைவார், யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று. ராணி முடிந்த பிறகும் வந்தார். "வாசல்ல நிக்கிறவளோட தோள் எலும்பு எங்க போச்சு? கை இல்லைன்னா எலும்பும் இல்லாம போயிடுமா?" என்று கேட்டு, கையில்லாத தேவதையின் மாதிரியையும் மேஜையில் கிடத்தினார்.

மகனுக்குச் செய்தி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அம்மா, நீ அத்தை கிடங்குக்குப் போறியாமே?" என்றான். குரலில் சந்தோஷம்.

"போறேன். குப்பையைக் கொஞ்சம் நல்ல குப்பையாக்கப் போறேன். வேற ஒண்ணும் நெனச்சுக்காத."

"நான் ஒண்ணுமே நெனைக்கலைம்மா."

"நெனைக்காத. உன் ரசனை இன்னும் அப்படியேதான் இருக்கு. மழை பெய்யுதா அங்க?"

ஒருநாள் அவர் கிடங்குக்குள் போனபோது அச்சுக்காரர் புதிதாக ஒரு குதிரையைச் செய்து மேஜையில் நிறுத்தியிருந்தார். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஏதோ ஓர் அரண்மனைக் குதிரை; அடுத்த மாதத்துக்கான சரக்கு. மேடம் அதைச் சுற்றி வந்தார். முன்னால் நின்று பார்த்தார். பின்னால் குனிந்து பார்த்தார்.

"நீங்க நேர்ல குதிரையைப் பார்த்திருக்கீங்களா?"

"படத்துல பார்த்தேன் மேடம்."

"படத்துல குதிரைதான் இருந்துதா? முழங்கால் ஆட்டோட முழங்கால். மூஞ்சி யாரோ கடன் கேட்டு வந்த உறவுக்காரன் மூஞ்சி."

அச்சுக்காரர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கினார். மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குதிரையின் முன்னங்காலைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"அந்தப் பெரிய அரத்தை எடுங்க" என்றார். "சின்னதுக்கெல்லாம் இது அடங்காது."